பாய்வதற்கு முந்தைய ஓரிரு நொடி

வண்டியைத் துரத்தும் நாயைக் கண்டால் எங்கள் பக்கம் சட்டென்று வருகிற தீர்ப்பு, "கொழுப்பெடுத்துப் போச்சு, கட்டிப் போடுங்க" என்பதுதான். இந்தப் பேச்சில் இரண்டு பாதியுமே எனக்கு ஒப்பவில்லை. கொழுப்பெடுத்து எந்த நாயும் ஓடுவதில்லை. கட்டிப் போட்டால் அந்த ஓட்டம் தீர்ந்துபோவதும் இல்லை. சங்கிலி அவிழும் நேரத்துக்காக உள்ளுக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். துரத்துவது நாய்க்குள் ஊறிப்போன வேலை. அதை எங்கே செய்யலாம், எங்கே செய்யக்கூடாது என்று பிரித்துக் கொடுப்பது வளர்க்கிறவர் பொறுப்பு. அதையும் ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கிற ஓரிரு நொடிக்குள் செய்தாக வேண்டும். கால் கிளம்பிவிட்டால் அப்புறம் நம் குரல் அதன் காதில் ஏறாது.

எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை என்ற நாட்டு வேட்டை நாய் இனத்துப் பெட்டை. சாம்பல் நிறம். மயிலை என்று கூப்பிடுகிறோம். வீடு சாத்தூரிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு கிளைச்சாலை ஓரத்தில் இருக்கிறது. பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வேன்கள், பள்ளிக்கூட வேன், மினி பஸ், குட்டியானை, பால்கேன் கட்டிய எக்ஸெல் மொபெட் என்று காலையில் சாலை ஓயாது. சாயங்காலம் அதே வேன்கள் திரும்பி வரும். வளர்ந்து கால் நீண்டதும் மயிலை இவற்றின் பின்னால் ஓட ஆரம்பித்தாள். குரைக்க மாட்டாள், பல்லைக் காட்ட மாட்டாள். உடம்பைத் தாழ்த்திக்கொண்டு, காதைப் பின்னால் படிய வைத்துக்கொண்டு, பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சத்தமே இல்லாமல் ஓடுவாள். குரைத்துக்கொண்டு ஓடுகிற நாயைவிட இப்படி ஓடுகிற நாய்க்குத்தான் ஆபத்து அதிகம். பக்கத்தில் ஒரு நாய் இருப்பதே ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். டிரைவர் பார்த்துவிட்டுப் பிரேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

மயிலையைக் கொடுத்த பெரியவர் தலைமுறையாகக் கரிசல்காட்டில் நாய் வளர்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரிடம் போய், "தாத்தா, கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது" என்று முறையிட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "முயல் கிளம்புற வரைக்கும் நாய் நம்ம கூடச் சும்மா நடந்துதான் வரும் தாயி. கிளம்பிருச்சுன்னா அப்புறம் திரும்பாது. பாதியில திரும்புற நாயை எங்க அப்பா காலத்துல வச்சுக்கவே மாட்டாங்க. அதுல குட்டியும் எடுக்க மாட்டாங்க."

நாய்களைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறேன். இந்த நாலு வரியைப் போல எதுவும் எனக்குக் கண் திறந்துவிடவில்லை. காட்டில் முயல் கிளம்பினால் அது வளைந்து வளைந்து ஓடும். மனிதன் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு நிமிஷத்தில் போய்விடும். அங்கே எஜமான் குரலுக்காகத் தயங்கி நிற்கிற நாய் வேட்டைக்கு ஆகாது. எனவே தலைமுறை தலைமுறையாகத் திரும்பாத நாய்க்குத்தான் சோறும் துணையும் கிடைத்தன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று முயல் வேட்டை குற்றம், அது நல்லதுதான். வேட்டை போய்விட்டது, ஆனால் அதற்காகவே பொறுக்கியெடுத்து வளர்த்த கால்களும் கண்களும் போகவில்லை. அவற்றின் முன்னால் இப்போது ஓடுவது வேன்.

வேனுக்கும் முயலுக்கும் உருவத்தில் என்ன ஒற்றுமை என்று கேட்கலாம். உருவம் இங்கே பெரிய விஷயமே இல்லை. 1919இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எமரிவில் என்ற ஊரில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத்துக்காக ஒரு வட்டப் பாதை அமைத்தார். உயிருள்ள முயலுக்குப் பதிலாகத் தண்டவாளத்தில் ஓடுகிற இயந்திர முயல். நாய்கள் அதன் பின்னால் உயிரைக் கொடுத்து ஓடின. முயல் வாசனை கிடையாது, ரத்தம் கிடையாது, ஓட்டம் முடிந்தால் தின்பதற்கும் ஒன்றும் கிடையாது. முன்னால் ஒன்று வேகமாக விலகிப் போகிறது என்பது மட்டும் அவற்றுக்குப் போதுமாக இருந்தது. உலகம் முழுக்க நாய்ப் பந்தயம் என்ற தொழிலே இதன்மேல்தான் எழுந்தது. அந்தத் தொழில் எனக்குப் பிடிக்காது, ஆனால் அது நிரூபித்துக் காட்டிய உண்மையை மறுக்க முடியாது.

அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் இதை இன்னும் தெளிவாக விளக்கினார். ஓநாயின் வேட்டை படிப்படியாக நடக்கும்: திரும்பிப் பார்ப்பது, கண்ணை ஊன்றி நோக்குவது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்லுவது, கிழித்துத் தின்பது. மனிதன் நாயை வளர்த்தபோது இந்தச் சங்கிலியில் தனக்கு வேண்டிய கண்ணிகளைப் பெரிதாக்கினான், வேண்டாதவற்றை மழுங்கடித்தான். ஆட்டுமந்தையை மடக்குகிற பார்டர் கோலிக்கு ஊன்றி நோக்குவதும் பதுங்குவதும் துரத்துவதும் பெரிதாக இருக்கும். கொல்லுகிற கடி வந்துவிடக்கூடாது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்குத் துரத்தலும் கவ்வலும்தான் உயிர். இதில் முக்கியமானது என்னவென்றால், ஒவ்வொரு படியும் அதனதன் அளவிலேயே நாய்க்கு இன்பம். துரத்துகிற நாய் எதையோ அடைவதற்காகத் துரத்துகிறது என்று நாம் நினைக்கிறோம். அதற்கு ஓட்டமே கூலி. பிடிபடாத வேன் அதற்குத் தோல்வியாகத் தோன்றுவதில்லை. அதனால்தான், "நாலு நாள் ஓடிப் பார்த்துட்டு ஒண்ணும் கிடைக்கலேன்னு தானா விட்டுரும்" என்கிற ஆறுதல் பலிப்பதே இல்லை.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பு வண்டியைக் கண்டால் நாய்க்கு ஆகாது என்பதெல்லாம் கதை. அசைவு மட்டும் நம்மைவிட நன்றாகத் தெரியும். மூக்கு நீண்ட நாய்களின் விழித்திரையில் நரம்பணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டைபோல் அடர்ந்திருக்கின்றன, மூக்கு குட்டையான நாய்களில் அவை நடுவில் குவிந்திருக்கின்றன என்று 2004இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தப் பட்டை அடிவானத்தோடு ஓடுகிற எதையும் பிடித்துக்கொள்ள உதவும். மயிலையிடம் நான் பார்த்ததும் இதோடு ஒத்துப்போகிறது. எதிரே நேராக வருகிற மினி பஸ்ஸை அவள் அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. இடமிருந்து வலமாகக் குறுக்கே கடக்கிற எக்ஸெல்தான் அவளைக் கிளப்பும். பழக்கத் தொடங்கியபோது எங்கே நின்றுகொள்வது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

இதற்கிடையில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எல்லா நாயும் ஒரே காரணத்துக்காக வண்டியைத் துரத்துவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருமுனையில் நாலைந்து நாய்கள் சேர்ந்து குரைத்துக்கொண்டு பைக்கை விரட்டுகின்றனவே, அது பெரும்பாலும் எல்லைக் காவல். தெரு அடங்கிய பிறகு வருகிற வண்டி அவற்றுக்கு அந்நியன். தெரு எல்லை வந்ததும் நாய்கள் நின்றுவிடும். வேறு சில நாய்கள் பயத்தில் விரட்டும். வாலை இடுக்கிக்கொண்டு முன்னே வந்து குரைத்து, வண்டி நின்றால் பின்வாங்கிவிடும். இந்த இரண்டு வகைக்கும் கூலி வேறு: வண்டி போய்விடுகிறது. வண்டி எப்படியும் போகத்தான் போகிறது என்பது நமக்குத் தெரியும். நாயின் கணக்கில் தான் குரைத்ததால்தான் போனது. ஒவ்வொரு வண்டியும் அதற்கு ஒரு வெற்றி, நாளுக்கு நூறு வெற்றி. வேட்டைக் குணத்தால் ஓடுகிற நாய் பெரும்பாலும் வாயைத் திறக்காமல் ஓடும். உங்கள் நாய் எந்த வகை என்று பத்து நாள் தள்ளி நின்று கவனிக்காமல் எதையும் தொடங்காதீர்கள். பயந்து குரைக்கிற நாய்க்கு வேண்டியது தைரியம். வேட்டை நாய்க்குத் தைரியம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. நடுத்தர வயது தாண்டிய நாய் திடீரென்று இந்தப் பழக்கத்தைப் பிடித்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இருக்கிற நாயின் பொறுமை குறைந்துபோகும். கருத்தடை செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஊர் சுற்றுவது குறையலாம். துரத்தும் குணத்தை அது தொடாது.

ஊரார் சொன்ன வைத்தியங்கள் பல. கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டால் ஓடும்போது முன்காலில் இடிக்கும், தானாக நின்றுவிடும் என்றார்கள். அந்தக் கட்டையோடு ஒரு நாய் வண்டிக்கு முன்னால் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. வேனிலிருந்து தண்ணீரைக் கொட்டு, மிளகாய்ப்பொடியைத் தூவு என்றார்கள். மின்சாரம் பாய்ச்சுகிற பெல்ட் இணையத்தில் கிடைக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் படத்தையே அனுப்பினார். இவற்றிலெல்லாம் அடிப்படைக் கோளாறு ஒன்று இருக்கிறது. வலி எதனால் வந்தது என்று நாய்க்கு விளக்க நம்மால் முடியாது. ஷாக் அடிக்கிற நொடியில் அதன் கண்ணில் சைக்கிளில் போகும் ஒரு குழந்தை பட்டால், அந்த வலியை அது குழந்தையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அப்புறம் துரத்தலோடு கடியும் சேரும். துரத்திவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வருகிற நாயை வாசலில் வைத்து அடிக்கிறார்களே, அது எல்லாவற்றிலும் மோசம். ஓடியதற்கு அடி என்று நமக்குத் தோன்றுகிறது. திரும்பி வந்ததற்கு அடி என்றுதான் நாய்க்குப் படுகிறது. அடுத்த முறை அது திரும்பி வரத் தயங்கும்.

சங்கிலியைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. பகல் முழுக்க இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப்போட்டு, ராத்திரி அவிழ்த்து விட்டுவிடுவது எங்கள் பக்கத்தில் சகஜம். அளவுக்கு மீறிய நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம் என்று இருக்கிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதையும் அதே பிரிவு தனியாகக் குற்றமாகச் சொல்கிறது. அறுபது வருஷத்துக்கு மேலாகச் சட்டத்தில் இருக்கிற இந்த ஒரு வரியை நாய் வளர்க்கிற ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் யாராவது வாசித்துக் காட்டினால் தேவலை. கட்டிக் கிடக்கிற நாய் வேன் போவதைப் பார்க்கும், பாயும், சங்கிலி கழுத்தை இழுக்கும். வேன் என்றால் ஆத்திரம் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாக ஆகிறது.

கேட் விஷயமும் அதேதான். மயிலையைச் சாலைக்கு விடாமல் காம்பவுண்டுக்குள் வைத்திருந்தோம். கம்பி கேட் வழியாக வண்டி தெரிந்ததும் சுவரோரம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுவாள். செடி முளைக்காத ஒரு தடமே அங்கே விழுந்திருந்தது. சாலைக்குப் போகவில்லை, ஆனால் ஒத்திகை நடந்துகொண்டே இருந்தது. முதல் வேலையாகக் கேட்டுக்குத் தகரம் அடித்தோம். வேன்கள் போகிற நேரத்தில் அவளைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், மாட்டெலும்பு ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தோம். பழக்குவது அப்புறம், தினமும் நடக்கிற ஒத்திகையை நிறுத்துவதுதான் முதல் காரியம். நாம் காலையில் அரைமணி நேரம் சொல்லிக்கொடுப்பதைப் பகலெல்லாம் அது அழித்துக்கொண்டிருந்தால் எந்தப் பயிற்சியும் நிற்காது.

பழக்கியது எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன், எல்லோரும் கேட்பது இதைத்தான்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் அறுவடை முடிந்த ஒரு சோளக்காடு. அதன் மறுகோடியில், சாலையிலிருந்து ஏறக்குறைய நூறு மீட்டர் தள்ளி நின்றோம். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டவில்லை. மார்பைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ், அதில் நீளமான பருத்திக் கயிறு. சிப்பிப்பாறையின் கழுத்து நீளம், தலை ஒடுக்கம். சாதாரணப் பட்டையைச் சுலபமாக உருவிவிடும். ஓடி இழுத்தால் குரல்வளைக்கும் கேடு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, விரல் போய்விடும். இடுப்பில் ஒரு பையில் வேகவைத்த கோழிக்கறித் துண்டுகள், கொஞ்சம் ஈரல். வீட்டில் சாதாரணமாகக் கொடுக்கிற பிஸ்கட் இந்த வேலைக்கு ஆகாது. வேனோடு போட்டி போடக்கூடிய தீனியாக இருக்க வேண்டும்.

வேன் தெரிந்ததும் மயிலையின் உடம்பில் வரிசையாகச் சில மாற்றங்கள் வரும். வாய் மூடிக்கொள்ளும். காதின் அடிப்பாகம் தூக்கும். நெற்றியில் மெல்லிய மடிப்பு விழும். பாரம் முன்காலுக்கு வரும், தலை தோளுக்குக் கீழே இறங்கும், வால் அசைவு நின்றுவிடும். தலை இறங்கியதற்கு அடுத்தது பாய்ச்சல்தான். வாய் மூடுவதற்கும் தலை இறங்குவதற்கும் இடையே இருக்கிற அந்த ஓரிரு நொடியில்தான் என் வேலை முழுவதும். அந்த நேரத்தில் மூக்கருகே தீனியைக் காட்டினால் வாங்கித் தின்றாள் என்றால் தூரம் சரி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அல்லது வாங்கி அப்படியே கீழே விட்டாள் என்றால் மிகவும் கிட்டத்தில் நிற்கிறோம் என்று அர்த்தம். அதட்டக்கூடாது, பத்தடி பின்னுக்குப் போக வேண்டும். பசியோடு இருக்கிற நாய் தின்ன மறுக்கிறது என்றால் அதன் புத்தி அந்த நேரத்தில் நம் கைக்குள் இல்லை. எதைச் சொன்னாலும் ஏறாது.

வரிசை மாறக்கூடாது. முதலில் வேன் தெரிய வேண்டும், பிறகுதான் தீனி. வேன் மறையும் வரை துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். தீனியைக் காட்டிய பிறகு வேன் வந்தால், தீனிப்பையைக் கண்டாலே வேன் வரப்போகிறது என்று நாய் கற்றுக்கொள்ளும். வேனைக் கண்டால் கறி வரும் என்றுதான் அது கற்றுக்கொள்ள வேண்டும். சில வாரங்களில் ஒரு நாள் காலை, ஆலை வேன் சோளக்காட்டு வரப்பைக் கடக்கும்போது மயிலை அதைப் பார்த்தாள், வாய் மூடியது, பிறகு அவளாகவே கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. அந்தத் திரும்பல் வந்ததும் "சரி" என்று சொல்லிக் கை நிறைய அள்ளிக் கொடுத்தேன். பாதியில் திரும்பாத பரம்பரையில் பிறந்தவள் தானாகத் திரும்பினாள் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

அங்கிருந்து தூரத்தைக் குறைப்பது பொறுமை வேலை. கிட்டே போகும்போது வண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகம் கூடும்போது தள்ளி நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கூட்டக்கூடாது. பக்கத்து வீட்டுப் பையன் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு, "அக்கா, இப்ப வரட்டுமா?" என்று கத்திவிட்டு எங்களைக் கடப்பான். முதலில் இன்ஜின் ஓட நிறுத்தி வைத்த வண்டி, பிறகு உருட்டிக்கொண்டு போவது, பிறகு ஆமை வேகம், பிறகு சாதாரண வேகம். தெரிந்த ஒருவர் நாம் சொல்கிற வேகத்தில் வண்டியை ஓட்டித் தருவது பெரிய உதவி. சாலையில் வருகிற வண்டிகளின் வேகம் நம் கையில் இல்லையே.

வெயிலையும் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர்த் தார்ச்சாலை காலை ஒன்பது மணிக்கே கொதிக்க ஆரம்பித்துவிடும். நம் புறங்கையைச் சாலையில் சில நொடி வைத்துப் பார்த்து, பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் ஆகாது. விடிந்ததும் கொஞ்ச நேரம், பொழுது சாய்ந்த பிறகு கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். ஓடாதே என்று சொல்லிவிட்டோம், ஓடப் பிறந்த உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? இதற்கும் பெரியவர்தான் வழி சொன்னார். "மடையைத் திறந்துட்டு தண்ணியைத் திட்டுனா என்ன பிரயோஜனம்? வாய்க்காலை முன்னாடியே வெட்டி வைக்கணும் தாயி." எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் தோட்டம் ஆள் உயரச் சுவர் போட்டது. ஒரு மூங்கில் கம்பு, நுனியில் கயிறு, கயிற்றின் முனையில் பழைய துண்டு ஒன்றை முடிந்து தரையோடு இழுத்தால் போதும். மயிலைக்கு அது முயல். இதற்கு விதிகள் உண்டு. நான் "போ" என்று சொன்ன பிறகுதான் ஓட்டம். அதுவரை நிற்க வேண்டும். துண்டைக் கவ்விய பிறகு "விடு" என்றால் விட வேண்டும். விட்டால் உடனே மறுபடி ஓட்டம் கிடைக்கும். கவ்வ விடாமல் ஏய்த்துக்கொண்டே இருக்கக்கூடாது, நாய் வெறுத்துப்போகும். சின்னச் சின்ன ஆட்டமாக, மூச்சு வாங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும். ஒரு வயது நிரம்பாத குட்டிக்கு வளைந்து திரும்பும் ஓட்டம் வேண்டாம், எலும்பு முற்றியிருக்காது. துரத்தும் சுகத்தை நாங்களே, எங்கள் சொல்லுக்குள் வைத்துக் கொடுக்கிறோம் என்பதுதான் இதன் பலன். ஓட்டத்தின் பரபரப்பில் இருக்கிற நாய் "நில்" என்ற சொல்லைக் கேட்கப் பழகுவதும் இந்த ஆட்டத்தில்தான். அமைதியான வீட்டுக்குள் பழகிய "நில்" சாலையில் வேலை செய்யாது.

கூடவே "படு" என்பதைத் தனியாகப் பழக்கினோம். ஓடுகிற நாயைத் திரும்பி வா என்று கூப்பிடுவதைவிட இருக்கிற இடத்திலேயே படுக்கச் சொல்வது அதற்கு எளிது. சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட நாயைக் கூப்பிட்டால் வண்டிக்குக் குறுக்கே ஓடிவரும் என்பதால் நமக்கும் இதுதான் பத்திரம். சோற்றுத்தட்டுக்கு முன்னால் தொடங்கி, முற்றத்தில், தோட்டத்தில், கயிற்று நீளத்தின் மறுமுனையில் என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். "துரத்தாதே" என்பது நாய்க்குப் புரியாத கட்டளை. செய்யாமல் இருப்பதை அது எப்படிச் செய்யும்? படுப்பதைச் செய்யத் தெரியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, மயிலையை இப்போது சாலையில் கயிறு இல்லாமல் விடுகிறோமா என்று கேட்டால், இல்லை. விடப்போவதும் இல்லை. வேன், மினி பஸ், எக்ஸெல் மூன்றையும் பத்தடி தள்ளிக் கடக்க விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள். சைலன்சரை மாற்றிய புல்லட் வந்தால் இன்னும் தோள் இறுகுகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எங்கள் பக்கம் வெடிச்சத்தம் ஓயாது. அப்போது பழகியதெல்லாம் பின்னுக்குப் போகும், நாங்களும் தூரத்தைக் கூட்டிக்கொள்வோம். பயமும் பரபரப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய நாளில் நாயிடம் புதிதாக எதையும் எதிர்பார்க்கக்கூடாது. பழக்கியதால் கிடைப்பது கயிற்றின் இந்த முனையில் நிம்மதியாக நடக்கிற நாய். கயிற்றைத் தூக்கி எறிகிற உரிமை அதனால் வந்துவிடாது. நூறு தடவை திரும்பிப் பார்த்த நாய் நூற்றோராவது தடவை போய்விட்டால், அந்த ஒன்றில் செத்துப்போவது அதுவாக இருக்கலாம், பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவருடைய மனைவியாகவும் இருக்கலாம். வளர்ப்பு மிருகத்தால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்துக்குப் பயந்து இல்லாவிட்டாலும் அந்த வேனில் போகிறவர்களின் முகத்துக்காகவாவது கயிறு வேண்டும்.

வண்டியில் போகிறவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள், காலை உதறாதீர்கள். அதைக் கிளப்பியதே வேகமும் அசைவும்தான். மெதுவாக வேகத்தைக் குறைத்தாலே பல நாய்கள் ஆர்வம் இழந்து நின்றுவிடும். விழுந்து அடிபடுகிறவர்களில் பலர் பின்னால் வரும் நாயைத் திரும்பிப் பார்த்துத் தடுமாறியவர்கள். பல் பட்டுவிட்டால், எவ்வளவு சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரேபிஸ் வந்தபின் மருந்தில்லை. ஊசிகளை நாள் தவறாமல் முடிக்க வேண்டும்.

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். என் சொந்தக்காரர்களிலேயே சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிலர் ஒரு குட்டி வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். இந்த இனங்கள் பிழைக்க வேண்டுமென்றால் புது வீடுகள் வேண்டும். ஆனால் நான் சில கேள்விகள் கேட்காமல் விடுவதில்லை. வாசலில் என்னென்ன வண்டி போகும், கேட் வழியாகச் சாலை தெரியுமா, நடந்து போகிற தூரத்தில் சுவர் போட்ட திறந்த இடம் இருக்கிறதா, விடியற்காலையில் வீட்டில் யார் எழுந்திருப்பார்கள். மாடி வீடு, ஆளெல்லாம் வேலைக்குப் போய்விடுவோம், பால்கனியில் கட்டி வைப்போம் என்று பதில் வந்தால், தெருவில் பிறந்த சாதுவான நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கச் சொல்கிறேன். இடமும் நேரமும் இருக்கிறவர்களுக்குப் பெரியவரின் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புகிறேன். அவரும் அவர் பங்குக்கு நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் குட்டியைக் கையில் கொடுப்பார்.